தூக்கம் வராத பிள்ளையும் இரவு ஷிப்ட் பார்க்கும் வீடும்



இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மணலி பகுதிகளில் வாழும் நமக்கு இரவு என்பது எல்லாரும் ஒன்றாகத் தூங்கும் நேரம் அல்ல. மணலியில் 1969ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை. துறைமுகத்தில் கிரேன்கள் நள்ளிரவிலும் சரக்கு இறக்குகின்றன. கண்டெய்னர் லாரிகள் சாலையோரத்தில் வரிசையாக நின்று விடியும்வரை காத்திருக்கின்றன. காசிமேட்டில் பொழுது விடியுமுன்பே மீன் ஏலம் தொடங்கிவிடுகிறது.

இந்த வாழ்க்கை நம் குடும்பங்களுக்கு ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றுத் தந்திருக்கிறது. இரவு பத்து மணி ஷிப்ட்டுக்குப் போன தகப்பனார் காலை ஆறரை மணிக்கு வீடு திரும்பி, குளித்து, சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். "சத்தம் போடாதீங்க, அப்பா நைட் பாத்துட்டு வந்து படுத்திருக்காரு" என்று அம்மா பிள்ளைகளை அடக்குகிறார். ஜன்னலில் ஒரு பழைய போர்வை தொங்குகிறது. தொலைக்காட்சி ஊமையாகிறது. பகல் பன்னிரண்டு மணிக்கும் தூங்குகிறாரே என்று அவரை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. அவருடைய உடலின் நேரம் வேறு என்பது நமக்குத் தெரியும்.

அதே வீட்டில் பதினான்கு வயதில் ஒரு மகன் இருப்பதாக நினைத்துக்கொள்வோம். பத்து மணிக்கு விளக்கை அணைத்தாயிற்று. பதினொன்று ஆகிறது, பன்னிரண்டு ஆகிறது. அவன் புரண்டு படுக்கிறான், தண்ணீர் குடிக்க எழுகிறான், விரலால் சுவரைத் தட்டுகிறான். "மணி ரெண்டு ஆச்சுடா, கண்ண மூடுடா" என்று அம்மா கெஞ்சுகிறார். காலை ஆறு மணிக்கு அவனை எழுப்பவே முடியவில்லை. தண்ணீர் தெளித்தும் பயனில்லை. "ராத்திரி ஆட்டம், காலையில தூக்கம்" என்ற பேச்சோடுதான் அவனுடைய ஒவ்வொரு நாளும் விடிகிறது. பள்ளியில் முதல் இரண்டு வகுப்புகள் அவனுக்குக் கனவுபோல் கடந்து போகின்றன.

தகப்பனாருக்குக் கிடைக்கும் அந்தப் பொறுமையில் ஒரு பங்காவது இந்த மகனுக்கும் கிடைக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. ஏனெனில், அந்த மகனுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகையியக்கக் குறைபாடு இருக்குமானால், அவனுடைய உடலின் நேரமும் பெரும்பாலும் வேறாகவே இருக்கும்.

ஏ.டி.எச்.டி. என்பது என்ன?

இது புதிதாக வந்த நாகரிக நோய் அல்ல. அறிவுத்திறன் இருந்தும் அடங்கி உட்காரவோ, கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்தவோ முடியாத குழந்தைகளைப் பற்றி 1902ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் விரிவுரை ஆற்றினார். உலக அளவில் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இந்தக் குறைபாடு இருப்பதாக மருத்துவர்கள் கணிக்கின்றனர். பெரியவர்களான பிறகு பலருக்கு ஓட்டமும் குதியாட்டமும் குறைந்துவிடும். ஆனால் மறதி, காரியத்தைத் தள்ளிப்போடுதல், நேரம் போவதே தெரியாமை ஆகியவை தொடரலாம். பெண் பிள்ளைகளிடம் துறுதுறுப்பு வெளியே அதிகம் தெரியாததால், 'கனவு காண்கிறாள்', 'மந்தம்' என்று சொல்லிக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பிள்ளைக்கு இருந்தால் தாய்க்கோ தந்தைக்கோ இருக்கவும் வாய்ப்புண்டு. வளர்ப்பில் நேர்ந்த தவற்றால் வருவது அல்ல. பெற்றோர் செல்லம் கொடுத்ததாலும் அல்ல, அடிக்காமல் விட்டதாலும் அல்ல.

தூக்கத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பும் பழையதே. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980ஆம் ஆண்டு வெளியிட்ட நோய்க் கையேட்டில், தூக்கத்தில் அளவுக்கு மீறிப் புரண்டு அசைவது இந்தக் குறைபாட்டின் அடையாளங்களுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் வந்த பதிப்பில் அது நீக்கப்பட்டது. நோயைக் கண்டறியும் பட்டியலிலிருந்து அந்த வரி மறைந்தாலும், வீடுகளிலிருந்து அந்தத் துன்பம் மறையவில்லை. ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளில் கால் பங்கு முதல் பாதிப் பேர் வரை தூக்கச் சிக்கலால் அவதிப்படுகின்றனர் என்று ஆய்வுகள் கூறுகின்றன.

தூக்கம் ஏன் வருவதில்லை?

முதல் காரணம் உடலின் கடிகாரம். இருட்டிய பிறகு நம் மூளையில் மெலடோனின் என்ற சுரப்பு ஊறத் தொடங்குகிறது. 'இரவு வந்துவிட்டது, தூங்கத் தயாராகு' என்று உடலுக்குச் சொல்லும் சங்கு அது. தூக்கம் பிடிக்காமல் தவிக்கும் ஏ.டி.எச்.டி. உள்ளவர்களை நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றனர். இந்தச் சங்கு குழந்தைகளுக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரமும், பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமும் தாமதமாக ஊதுகிறது என்று அவர்கள் கண்டனர். அதாவது, சுவர்க் கடிகாரம் பத்து மணி காட்டும்போது இவர்களுடைய உடலுக்கு இன்னும் எட்டரை மணிதான். எட்டரை மணிக்கு நம்மைப் படுக்க வைத்தால் நமக்கும் தூக்கம் வராது. காலை ஆறு மணிக்கு அவர்களை எழுப்பும்போது உடலுக்கு நாலரை மணி. இதோடு வளரிளம் பருவத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தக் கடிகாரம் கொஞ்சம் பின்னால் நகர்வது இயல்பு. இரண்டும் சேரும்போது சுமை கூடுகிறது.

இரண்டாவது காரணம் மனத்தின் ஓட்டம். பகலில் சத்தம், வேலை, நண்பர்கள் என்று மனத்துக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். இருட்டில், அசையாமல் படுத்திருக்கும்போது அது எதுவும் இல்லை. அப்போது எண்ணங்கள் ஒன்றையொன்று துரத்தத் தொடங்குகின்றன. நாளை கட்ட வேண்டிய பணம், காலையில் ஆசிரியர் சொன்ன சொல், பத்து வருடங்களுக்கு முன் கேட்ட ஒரு பாட்டு, கப்பல் எப்படி மிதக்கிறது என்ற கேள்வி என வரிசையே இல்லாமல் அவை வரும். "மனச அடக்கு" என்று சொல்வது, ஓடும் இயந்திரத்தைக் கையால் பிடித்து நிறுத்தச் சொல்வதைப் போன்றது.

மூன்றாவது காரணம், செய்வதை நிறுத்த முடியாமை. கவனம் நிற்காத இவர்களுக்குப் பிடித்த ஒன்று கையில் கிடைத்துவிட்டால், அதை விட்டு எழுவதும் அதே அளவு கடினம். வீடு முழுவதும் அடங்கிய பிறகு கைப்பேசியைக் கையில் எடுத்தவருக்கு, 'அஞ்சு நிமிஷம்' இரண்டு மணி நேரமாகிவிடுகிறது. நாள் முழுவதும் திட்டு வாங்கிய ஒருவருக்கு, யாரும் எதுவும் கேட்காத அந்த நள்ளிரவுதான் சொந்த நேரமாகத் தோன்றும் என்பதையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது, நாம் வாழும் இடம். உடலின் சூடு சற்றுத் தணிந்தால்தான் தூக்கம் பிடிக்கும். கோடைக்காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் இரவு பதினொரு மணிக்கும் வெப்பம் இறங்குவதில்லை. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் ஒருவருக்குத் தொடர் நாடகம், ஒருவருக்குப் பரீட்சை, ஒருவருக்கு விடியற்காலை வேலை. வெளியே லாரியின் ஹாரன் ஒலி, உள்ளே கொசு. சாதாரணத் தூக்கம் உள்ளவர் இவற்றைத் தாண்டித் தூங்கிவிடுவார். ஒவ்வொரு சிறு ஒலிக்கும் கவனம் சிதறுகிறவருக்கு அது எளிதல்ல.

எல்லாத் தூக்கமின்மையும் ஒன்றல்ல

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தூக்கம் வராத பிள்ளைகள் எல்லாருக்கும் ஏ.டி.எச்.டி. இருப்பதாக முடிவு கட்டிவிடக் கூடாது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இரவை எண்ணூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் அது. கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் பகுதி மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அப்படிப்பட்ட ஓர் இரவுக்குப் பின் ஒரு குழந்தை தூங்க மறுத்தால், அது அச்சத்தால் வந்த விழிப்பு. அதற்குத் தேவை ஆறுதலும் பாதுகாப்பும்.

தூங்கும்போது குறட்டை விடும், வாயால் மூச்சு விடும் குழந்தைகளும் உண்டு. தொண்டைச் சதையும் மூக்கின் பின்புறச் சதையும் வீங்கி மூச்சை அடைப்பதால் அவர்களுக்கு இரவு முழுவதும் அரைத் தூக்கமே கிடைக்கிறது. தூக்கம் குறைந்த பெரியவர் சோர்ந்து உட்காருவார். தூக்கம் குறைந்த குழந்தையோ பல நேரங்களில் சோர்வதற்குப் பதிலாகத் துள்ளும், எரிந்து விழும், கவனம் சிதறும். பார்ப்பதற்கு ஏ.டி.எச்.டி. போலவே இருக்கும். எனவே குறட்டை உண்டா என்று மருத்துவர் கேட்டால் அதை வேண்டாத கேள்வியாக நினைக்க வேண்டாம்.

இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவும் ஒரு காரணம். மாலையானால் கால்களில் இனம் தெரியாத குடைச்சல், அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற உந்துதல் என்று சிலர் சொல்வார்கள். இது ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. இரும்புச் சத்துக் குறைந்தவர்களிடமும் காணப்படுகிறது. 2019-21ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. ஆகவே இரத்தத்தில் இரும்பின் இருப்பைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது.

காலையிலிருந்து தொடங்குவோம்

இரவில் தூக்கம் வரவில்லை என்றால் நாம் எல்லாரும் இரவைத்தான் சரிசெய்யப் பார்க்கிறோம். ஆனால் உடலின் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் நேரம் காலை. விழித்தவுடன் கண்ணில் படும் வெளிச்சமே அந்தக் கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்துகிறது. டியூப் லைட் எரியும் அறையின் வெளிச்சம் போதாது. மேகமூட்டமான நாளில்கூட வெட்டவெளியின் வெளிச்சம் அறையின் வெளிச்சத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

இதில் நமக்கு ஒரு கொடை உண்டு. இராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் கடற்கரை முழுவதும் கிழக்கு நோக்கியது. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.40 மணிக்கும் 6.40 மணிக்கும் இடையில் சூரியன் நம் கண்முன்னேதான் கடலிலிருந்து எழுகிறது. எழுந்தவுடன் இருபது, முப்பது நிமிடம் கடலோரமாக நடப்பது, அல்லது மொட்டை மாடியில் நின்று பல் துலக்குவது, வாசலில் உட்கார்ந்து தேநீர் குடிப்பது ஆகியவை செலவில்லாத மருந்து. சூரியனை நேராக உற்றுப் பார்க்கத் தேவையில்லை, பார்க்கவும் கூடாது. வெளியில் இருந்தாலே போதும்.

அடுத்தது, எழும் நேரத்தை மாற்றாமல் வைத்திருப்பது. இரவு எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் காலையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணி வரை தூங்கினால், ஒரு வாரம் முழுவதும் நகர்த்திய கடிகாரம் ஒரே நாளில் பின்னால் போய்விடும். அதற்காகப் பிள்ளையை விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பதும் சரியல்ல. விடியற்காலையில் படித்தால் மனதில் பதியும் என்று நாம் நம்புகிறோம். ஒரு மணிக்குத் தூங்கிய பிள்ளைக்கு அது பொருந்தாது. 6 முதல் 12 வயது வரை 9 மணி நேரத்துக்குக் குறையாமலும், வளரிளம் பருவத்தில் 8 மணி நேரத்துக்குக் குறையாமலும் தூக்கம் தேவை.

மாலையும் இரவும்

படுக்கும் நேரத்தைப் பொறுத்தவரை, நம் வழக்கத்துக்கு மாறாகத் தோன்றும் ஒரு முறையை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். நள்ளிரவு பன்னிரண்டரைக்குத்தான் தூங்கும் பிள்ளையைப் பத்து மணிக்குப் படுக்க வைத்தால், இரண்டரை மணி நேரம் படுக்கையில் போராடவே அவன் பழகுகிறான். படுக்கை என்றாலே அவனுக்குப் போராட்டம் என்று ஆகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, அவன் உண்மையில் தூங்கும் நேரத்திலேயே, அதாவது பன்னிரண்டரைக்குப் படுக்க அனுப்புங்கள். உடனே தூங்கப் பழகிய பின், சில நாட்களுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். தொடக்க நாட்களில் தூக்கம் குறையும் என்பதால் பள்ளி விடுமுறையில் இதைத் தொடங்குவது நல்லது. வண்டி ஓட்டுகிறவர்களும் இயந்திரத்தில் வேலை செய்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும்.

இத்தகைய எளிய முறைகளுக்குப் பலன் உண்டா? ஆஸ்திரேலியாவில் ஏ.டி.எச்.டி. உள்ள 244 குழந்தைகளிடம் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2015ல் வெளியானது. பாதிக் குழந்தைகளின் பெற்றோருக்குத் தூக்கப் பழக்கங்கள் குறித்து ஓரிரு சந்திப்புகளில் வழி சொல்லித் தரப்பட்டது. ஆறு மாதங்களுக்குப் பிறகும் அந்தக் குழந்தைகளின் தூக்கம் மேம்பட்டிருந்தது. பகல் நேர நடத்தையிலும் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது. அது அற்புதம் அல்ல, சிறு முன்னேற்றம்தான். ஆனால் தினமும் சண்டையோடு முடியும் இரவுகளைக் கண்ட தாய்க்குச் சிறு முன்னேற்றமும் பெரியதே.

வீட்டில் செய்யக்கூடிய இன்னும் சில:

மாலை நான்கு மணிக்குப் பிறகு டீ, காபி, கோலா வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் அதன் வீரியத்தில் ஏறக்குறைய பாதி உடலில் தங்கியிருக்கும்.

ஒன்பது மணிக்குப் பிறகு டியூப் லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் வெளிச்சம் தரும் சிறு விளக்கைப் போடுங்கள். கைப்பேசிகளை எல்லாரும் ஒரே இடத்தில் சார்ஜில் போட்டுவிடலாம். எல்லாரும் என்பதில் அப்பாவும் அம்மாவும் அடக்கம்.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளித்தால் உடல் சூடு தணியும். மின்விசிறியின் ஒரே சீரான ஓசை வெளிச் சத்தத்தை மறைக்கும். ஓடும் எண்ணங்களுக்குத் தலைமாட்டில் ஒரு நோட்டும் பென்சிலும் வையுங்கள். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று எழுதி வைத்த எண்ணம் அத்தனை தொந்தரவு செய்வதில்லை.

தூக்கமே வராமல் நெடுநேரம் புரள்வதைவிட, எழுந்து மங்கிய வெளிச்சத்தில் துணி மடிப்பதுபோல் ஏதேனும் சலிப்பான வேலையைச் செய்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பிப் படுப்பது நல்லது.

நம் குடும்பங்களில் மாலை செபமாலை சொல்லும் பழக்கம் இதற்கும் துணையாகும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் நடக்கும் எந்தச் செயலும் 'நாள் முடிகிறது' என்று உடலுக்குச் சொல்லும். அந்தப் பிள்ளை முழங்காலில் அசையாமல் நிற்கவில்லை என்று அங்கேயும் திட்ட வேண்டாம். மணிகளை உருட்ட அவன் கையில் கொடுங்கள். கை அசையும்போதுதான் சிலருக்கு மனம் நிற்கிறது.

மாத்திரையும் மதுவும்

ஏ.டி.எச்.டி.க்கு மருத்துவர் தரும் மெத்தில்பெனிடேட் போன்ற மருந்துகளைப் பிற்பகலில் தாமதமாக எடுத்தால் தூக்கம் தள்ளிப்போகலாம். வேறு சிலருக்கோ, மாலையில் மருந்தின் வேகம் குறையும்போதுதான் பரபரப்பு கூடித் தூக்கம் கெடுகிறது. எனவே தூக்கம் கெட்டது என்று மருந்தைத் தாமாக நிறுத்தாமல், எந்த நேரத்தில் மாத்திரை போட்டோம், எத்தனை மணிக்குத் தூங்கினோம் என்று இரண்டு வாரம் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நேரத்தையோ அளவையோ மாற்றினாலே சரியாகக்கூடும்.

மெலடோனின் மாத்திரை பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நெதர்லாந்தில் பெரியவர்களிடம் செய்து 2021ல் வெளியான ஆய்வில், அரை மில்லிகிராம் என்ற சிறு அளவே உடலின் கடிகாரத்தை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்தது. மாத்திரையை நிறுத்தியபின் கடிகாரம் பழைய நேரத்துக்கே திரும்பியது. இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. அளவைவிட, எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்பது முக்கியம். இது குணமாகி முடிந்துபோகும் நோய் அல்ல, தொடர்ந்து கவனித்துக்கொள்ள வேண்டிய ஓர் இயல்பு. இதையும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். சளி மருந்து கொடுத்தால் பிள்ளை தூங்கிவிடும் என்று ஊற்றுவதும், பக்கத்து வீட்டார் தந்த தூக்க மாத்திரையை விழுங்குவதும் ஆபத்து.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். "ஒரு குவார்ட்டர் போட்டாத்தான் தூக்கம் வருது" என்று சொல்லும் ஆண்கள் நம் தெருக்களில் குறைவில்லை. மது கண்ணை மூட வைக்கும், உண்மைதான். ஆனால் பின்னிரவின் தூக்கத்தை அது உடைக்கிறது. குறட்டையைக் கூட்டுகிறது. மறுநாள் கவனம் இன்னும் சிதறுகிறது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். தூக்கத்துக்காகத் தொடங்கிய குடி குடும்பத்தையே விழுங்கிய கதைகள் நமக்குத் தெரியும். அவர்களுள் சிலருக்காவது, குடிக்குப் பின்னால் யாரும் கண்டறியாத இந்தக் குறைபாடு ஒளிந்திருக்கக்கூடும்.

வேலைக்குச் செல்கிறவர்களுக்கு

நாலு மணி நேரமே தூங்கி எழுந்த ஓர் இளைஞர், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருசக்கர வண்டியில் வேலைக்குப் போகிறார். அங்கே அவர் கையில் ஃபோர்க்லிஃப்ட்டோ வெல்டிங் கருவியோ இருக்கிறது. அவருக்குத் தூக்கம் என்பது உயிர்ப் பிரச்சினை. வாராவாரம் ஷிப்ட் மாறும் வேலை, தாமதமாக ஓடும் கடிகாரம் உள்ளவருக்குக் கூடுதல் சுமை. முடிந்தால் நிலையான ஒரு ஷிப்ட் கேட்டுப் பாருங்கள். பலருக்கு மதியம் இரண்டு மணி ஷிப்ட் நன்கு பொருந்தும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் முன்னோக்கி மாறுவது உடலுக்குச் சற்று எளிது. நம் பங்குகளில் மேற்பார்வையாளராகவும் தொழிற்சங்கப் பொறுப்பிலும் இருப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

உதவி எங்கே கிடைக்கும்? பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இயங்குகிறது. எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும், கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகமும் உள்ளன. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பது 'பைத்தியம்' என்ற பட்டம் வாங்குவதாகாது. கண் மங்கினால் கண் மருத்துவரிடம் போகிறோம். இதுவும் அப்படித்தான்.

குற்ற உணர்வை இறக்கி வைப்போம்

இரவில் விழித்திருப்பவரை அதிகம் வாட்டுவது தூக்கமின்மை மட்டுமல்ல, குற்ற உணர்வும்தான். 'நான் சோம்பேறி. எனக்கு மன உறுதி இல்லை. என் செபமும் சரியில்லை, அதனால்தான் மனம் அமைதி அடையவில்லை' என்று தம்மையே குற்றம் சாட்டிக்கொள்வோர் பலர். காலைத் திருப்பலிக்கு எழ முடியாததைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழுபவர்களும் இருப்பார்கள். மெலடோனின் தாமதமாகச் சுரப்பது பாவம் அல்ல. மாலைத் திருப்பலியும் திருப்பலியே.

விவிலியத்தில் சிறுவன் சாமுவேலை நினைத்துப் பாருங்கள். ஒரே இரவில் மூன்று முறை எழுந்து, முதியவர் ஏலியிடம் ஓடுகிறான். தூக்கம் கலைந்த அந்த முதியவர் அவனை அதட்டவில்லை. போய்ப் படுத்துக்கொள் என்று பொறுமையோடு திருப்பி அனுப்புகிறார். மூன்றாவது முறைதான், இந்தப் பிள்ளையின் விழிப்புக்கு வேறொரு காரணம் உண்டு என்பது அவருக்குப் புரிகிறது. முதல் முறையே அவனை அடித்துத் துரத்தியிருந்தால் அது அவருக்குப் புரிந்திருக்காது.

இன்றிரவு உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை விழித்திருந்தால், "இன்னும் தூங்கலையா?" என்று அதட்டுவதற்குப் பதில், "தூக்கம் வரலையா கண்ணு?" என்று கேட்டுப் பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்த தகப்பனாருக்காக ஜன்னலில் போர்வை தொங்கவிட்ட நம் கைகளுக்கு, இந்தப் பிள்ளையின் தூக்கத்தையும் காக்கத் தெரியும். நாளைக் காலை அவனைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். சூரியன் எழும்வரை அவனோடு உட்கார்ந்திருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.